அரைவட்டச் சாவி

சூரியன் மறைவதற்குள் நான் சாப்பிட்டாக வேண்டும் சார். என் வேண்டுகோள் அது ஒன்றுதான். என் மனைவி சந்திரவதி டிபன் பாக்ஸில் தயிர்ச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள். இப்போது மணி மூன்று. ஐந்துக்குள் முடித்துவிட்டால் உங்கள் ஸ்டேஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவேன். ரைட்டர் தேவநாதன் எழுதுவதற்கு வசதியாக, கொச்சை இல்லாமல் நிதானமாகவே சொல்கிறேன். வேகமாகப் போனால் நிறுத்தச் சொல்லுங்கள்.

என் பெயர் அஜிதநாதன். வயது நாற்பத்தாறு. செஞ்சிப் பக்கத்து நயினார் குடும்பம், சமணர்கள். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் பதினெட்டு வருஷமாக என்ஜின் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இதெல்லாம் போன மாதம் விசாரித்தபோதே எழுதிக்கொண்டீர்கள். அன்றைக்கு உங்கள் முன்னால் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். பொய் சொல்லாமை எங்கள் விரதங்களில் ஒன்று. அதை நான் ஒருபோதும் மீறியதில்லை.

முதலில் இருதயராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டகப்பட்டுப் பக்கத்துக் காலனிக்காரன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். என் கடையில் பதினோரு வருஷம் வேலை செய்தான். நான் அவனை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை, அடிக்கக் கை ஓங்கியதில்லை. மற்ற முதலாளிகளைக் கேட்டுப் பாருங்கள், இப்படிச் சொல்ல எத்தனை பேரால் முடியும் என்று. வேலைக்காரர்களுக்கு நான் டீ வாங்கிக் கொடுக்காத நாள் இல்லை. அவனுக்கென்று தனியாக ஒரு அலுமினிய டம்ளர் வெளிச்சுவரில் ஆணியில் மாட்டியிருக்கும். அதை அவனே கழுவி அவனே மாட்டிவிடுவான். அதில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

எங்கள் வேலையில் பாதி, கிணற்றுக்குள் இறங்கிச் செய்கிற வேலை. பம்பு கீழே மேடையில் இருக்கும். இருதயராஜுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். நீச்சல் தெரியாது. கிணறுகளெல்லாம் எங்களைப் போன்றவர்களுடையவை. அவன் தெருப் பிள்ளைகளை யாரும் அதில் குதிக்க விட்டதில்லை. அதனால் அவன் கற்றுக்கொள்ளவில்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்குவான். மேலே அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். பதினோரு வருஷம் நான்தான் பிடித்தேன். ஒரு முறைகூடக் கை நழுவவில்லை. இதைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு விழுப்புரம் போய், பாண்டி ரோட்டில் ஒரு கீற்றுக் கொட்டகையில் தனியாக மெக்கானிக் கடை போட்டுக்கொண்டான். காரணம் சொல்லவில்லை. நானும் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், ஒரு காரணமும் பிடிபடவில்லை. டம்ளரை மட்டும் ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனான்.

மூன்று வருஷம் கழித்து, இந்த ஐப்பசி மாதம், மரக்காணம் குப்பத்திலிருந்து முருகையன் தன் படகு என்ஜினை வண்டியில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். வெள்ளைக்காரன் காலத்து பெட்ரோல் என்ஜின். ஒரே சிலிண்டர். முன்பக்கம் கனமான வீல், அதில் கயிற்றைச் சுற்றி இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். இரண்டு வாரமாக ஸ்டார்ட் ஆகவில்லை என்றார். மீன் பிடிக்கிற படகுக்கு நான் வேலை செய்யலாமா என்று என் பெரியப்பா ரிஷபநாதன் கேட்டார். என்ஜின் எதையும் கொல்வதில்லை, அது சுற்றுகிறது, அவ்வளவுதான் என்று அவருக்குப் பதில் சொன்னேன்.

உங்களுக்கு இந்த விஷயம் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். பிஸ்டன் மேலே ஏறி உச்சியைத் தொடுவதற்குச் சற்று முந்தி பொறி விழ வேண்டும். அதுதான் டைமிங். பொறி பிந்தினால் என்ஜினுக்குத் திராணி இருக்காது. ரொம்ப முந்தினால் திருப்பி உதைக்கும். இந்த என்ஜினில் வீலுக்குள்ளேயே காந்தம். வீலின் கழுத்தில் ஒரு மேடு இருக்கிறது. அது பாயின்ட் என்கிற மின் தொடுப்பைத் திறக்கிற நொடியில் பொறி வரும். வீலில் ஒரு கோடு, பாடியில் ஒரு கோடு. இரண்டும் நேராக வரும்போது பாயின்ட் திறந்தால் டைமிங் சரி என்று அர்த்தம்.

மூன்று நாளும் நான் அதைத்தான் பார்த்தேன். பாயின்டுக்கு நடுவே சிகரெட் பேப்பரைக் கொடுத்து, வீலைக் கையால் மெல்ல நகர்த்தி, பேப்பர் எங்கே விடுபடுகிறது என்று பார்த்தேன். கோடும் கோடும் மயிரிழை பிசகாமல் நின்றன. பிளக்கில் நீலப் பொறி வந்தது. பெட்ரோல் வந்தது. கயிற்றை இழுத்தால் மட்டும் ஒரு தும்மல், கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கும், அடங்கிவிடும். பாயின்டை மாற்றினேன். காயிலை மாற்றினேன். என் உள்ளங்கை உரிந்துவிட்டது. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொரு தும்மலையும் எண்ண ஆரம்பித்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் முருகையன் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப் போய், இருதயராஜைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என் கடைக்கே.

இருதயராஜ் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டான். வா என்றேன். அவன் கோட்டைப் பார்க்கவில்லை. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் வீலை நகர்த்தினான். கண்ணை மூடியிருந்தான். பிறகு விரலை எடுத்துவிட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டுப் பார்த்தான்.

"கோடு நேரா வந்துடுச்சி. பிஸ்டன் இன்னும் பாதி வழியிலதான் வந்துக்கினு இருக்குது. கோடு பொய் சொல்லுது நயினாரே," என்றான்.

வீலை இழுத்துக் கழற்றினோம். வீலை அச்சோடு பிடித்து வைக்க அரைவட்டமாக ஒரு சின்ன இரும்புச் சாவி உண்டு. கட்டைவிரல் நகம் அளவுதான். அது பாதி அறுந்து, வீல் அச்சின் மேலே நகர்ந்துவிட்டிருந்தது. வீலோடு கோடும் மேடும் சேர்ந்தே நகர்ந்துவிட்டன. நகர்ந்துபோன கோட்டை நான் மூன்று நாளாக நேர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டீக்கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது எனக்குப் பெரிதில்லை. இருதயராஜ் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "கோட்ட நம்பினா யாருக்கும் இப்படித்தான் ஆவும் நயினாரே, நீங்க மனசுல வெச்சிக்காதீங்க," என்றான். என் கடையில் நின்றுகொண்டு அவன் என்னைத் தேற்றினான். எனக்கு வயிறு எரிந்தது. இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

மணி ஐந்தாகிவிட்டது. நான் சாப்பிட வீட்டுக்குப் போனேன். வீடு கடைக்குப் பின்னால்தான். திரும்பி வந்தபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சீரான சத்தம். பழைய வால்வுத் தண்டு ஒன்றை அறுத்து அரத்தால் ராவி, புதுச் சாவி போட்டிருந்தான். முருகையனும் அவனும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முருகையன் உள் அலமாரியிலிருந்து டம்ளர்களை எடுத்துவிட்டிருக்கிறார், அவருக்கு எது எவருடையது என்று தெரியாது. இருதயராஜ் கையிலிருந்தது என் டம்ளர். அடியில் என் பெயர் வெட்டியது. அவனுக்குத் தெரியும், பதினோரு வருஷம் பார்த்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். ஆனால் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. குடித்து முடித்துவிட்டுத்தான் வைத்தான்.

நான் செய்த காரியத்துக்கு இது காரணமல்ல. விவரம் விட்டுப்போகக் கூடாது என்று சொல்கிறேன். வீட்டில் அந்த டம்ளரைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிடச் சொன்னேன். சந்திரவதி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல இன்னா ஒட்டிக்கினு இருக்குதுன்னு போடச் சொல்றீங்க?" என்று கேட்டாள். கழுவி அலமாரியிலேயே வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் என் பேச்சைத் தட்டியது அது ஒரு முறைதான்.

என்ஜின் அன்றிரவு கடையில் இருந்தது. காலையில் வண்டி கொண்டு வருவதாக முருகையன் சொல்லியிருந்தார். இருதயராஜும் முதல் பஸ்ஸில் வந்து, கூடவே மரக்காணம் போய்ப் படகில் மாட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு.

மறுநாள் காலை ஆறேகாலுக்குக் கடையைத் திறந்தேன். விளக்கு வைத்துக்கொண்டு வேலை செய்கிற பழக்கம் எனக்கில்லை, பூச்சிகள் வந்து விழும். நல்ல வெளிச்சம் வந்த பிறகுதான் வீல் கவரைக் கழற்றினேன். உள்ளே இரண்டு எறும்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு காகிதத்தில் ஏற்றி வெளியே விட்டேன்.

வீலை இழுத்து, அவன் போட்ட இரும்புச் சாவியை வெளியே எடுத்தேன். இரும்பு சுலபத்தில் அறாது. ஈயம் முதல் இழுப்பிலேயே அறுந்துவிடும். பித்தளை மாதக் கணக்கில் தாங்கும். எனக்கு வேண்டியது நிதானமான ஓட்டத்தில் தாங்கி, திடீரென்று முழு வேகம் கொடுக்கும்போது அறுந்துபோகிற உலோகம். அலுமினியம் சரியாக இருக்கும் என்று தோன்றியது. கடையில் கைக்குக் கிடைத்த அலுமினியம் ஆணியில் தொங்கிய அந்த டம்ளர் ஒன்றுதான். அதை நசுக்கி, உலையில் உருக்கி, கட்டியாக்கி, ராவினேன். முதல் சாவி தடிமன் கூடிவிட்டது. இரண்டாவது வளைவு சரியில்லை. மூன்றாவது கச்சிதமாக உட்கார்ந்தது. சாவி மேல் பாரம் விழ வேண்டும் என்பதற்காக, வீல் நட்டை முழுக்க இறுக்காமல் கால் சுற்று விட்டேன். கோட்டை நேர் பார்த்தேன். அவனைப் போலவே பிளக் ஓட்டையில் விரலை வைத்தும் பார்த்தேன். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை சார்.

கயிற்றைச் சுற்றி ஒரு முறை இழுத்தேன். ஸ்டார்ட் ஆகிவிட்டது. அந்த என்ஜின் என் கையால் ஓடியது அதுதான் முதல் தடவை. ஐந்து நிமிஷம் பக்கத்தில் நின்று கேட்டேன். சந்தோஷமாக இருந்தது.

முழு வேகம் எங்கே கொடுப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த மூன்று நாளும் முருகையன் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பற்றித்தானே பேசினார். வெளியே போகும்போது காலையில் அலை தணிந்திருக்கும், பாதி வேகத்திலேயே தாண்டிவிடலாமாம். மத்தியானம் திரும்பும்போதுதான் கஷ்டமாம். கரையோரம் அலை உடைகிற இடத்தில் முழு வேகம் கொடுத்து ஒரே மூச்சில் ஏறி வந்துவிட வேண்டும், அங்கே என்ஜின் நின்றால் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும் என்று அவர்தான் சொன்னார். படகில் வருகிறவர்கள் அவரும் அவர் தம்பியும். இருவரும் மீனவர்கள், கண்ணை மூடிக்கொண்டு நீந்தி வருவார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நான் இதில் இறங்கினேன்.

எட்டு மணிக்கு வண்டி வந்தது. இருதயராஜும் வந்தான். தான் மூடியதைத் தானே மறுபடி திறந்து பார்க்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. கயிற்றை இழுத்து ஓட விட்டான், திருப்தியாகத் தலையை ஆட்டினான். முதல் ஓட்டத்துக்குப் படகிலேயே கூட வரும்படி முருகையன் அவனைக் கூப்பிட்டார்.

"எனக்குத் தண்ணின்னாவே பேஜாரு. கரையில நின்னு பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க," என்றான்.

அப்போது நான் சொன்னேன்: "போய்ட்டு வா இருதயராஜ். லோடுல ஓடறத காதால கேட்டாத்தான் டைமிங் நிக்குதா இல்லியான்னு தெரியும்."

தொழில் முறையில் அது சரியான யோசனைதான். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அதையே சொல்வான். இருதயராஜ் என்னை ஒரு மாதிரி பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "நயினாரே சொல்லிட்டாரு," என்று முருகையனிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். நான் அவனிடம் வேலை விஷயமாக யோசனை பேசியது அதுதான் முதல் தடவை என்று பிறகு ஞாபகம் வந்தது.

என்ஜினைப் படகில் மாட்டவே அன்றைய பொழுது போய்விட்டது. மறுநாள் காலையில் போனார்கள். போகும்போது சாவி தாங்கியது. மத்தியானம் திரும்புகையில், அலை உடைகிற இடத்தில் முருகையன் முழு வேகம் கொடுத்ததும் அறுந்தது. என்ஜின் நின்றுவிட்டது. இருதயராஜ் கயிற்றைச் சுற்றி இரண்டு முறை இழுத்தானாம். மூன்றாவது முறை திருப்பி உதைத்ததில் கயிறு அவன் கையைச் சுற்றிக்கொண்டது, அதே சமயம் படகு குறுக்கே திரும்பிவிட்டது. முருகையனும் தம்பியும் நீந்திக் கரையேறினார்கள். இருதயராஜ் மறுநாள் காலையில் கரை ஒதுங்கினான். ஸ்டார்ட்டர் கயிறு அப்போதும் மணிக்கட்டில் இருந்ததாம். மறுமுனையைப் பிடிக்க யாரும் இல்லை.

சாவுக்குப் போயிருந்தேன். மாலை போட்டேன்.

என்ஜினை வலை போட்டு இழுத்துக் கரையேற்றிப் பிரித்தபோது, அறுந்த அலுமினியத் துண்டுகள் கிடைத்தன. இரும்பு போட வேண்டிய இடத்தில் இருதயராஜ் அவசரத்துக்கு அலுமினியத்தைப் போட்டு, நட்டையும் இறுக்காமல் விட்டிருக்கிறான் என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். திண்டிவனத்திலும் அந்தப் பேச்சு வந்தது. அவனுடைய வேலை அவனையே கொண்டுபோய்விட்டது என்றார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால்தானே பொய்.

பத்து நாள் கழித்து அவன் மனைவி சவுரியம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். வாசலோடு நின்றவளைச் சந்திரவதி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, காபி கொடுத்தாள். எந்த டம்ளரில் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

"வால்வுத் தண்டுல ராவினேன்னு ராத்திரி ஊட்டுக்கு வந்து அவுரே சொன்னாருங்க. இரும்புதாங்க போட்டாரு. அவுரு கை ஒரு நட்ட உட்டுட்டு வராதுங்க. கூட இருந்த உங்களுக்குத் தெரியும். நீங்க ஒரு வார்த்த சொன்னா ஊரு கேக்கும்," என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை.

எல்லோருக்கும் ஒரு நாள் கை மறக்கும் அம்மா என்றேன். பொதுவாகச் சொன்னால் அது உண்மைதான். அவள் காபியைக் குடிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்துதான் என் மேல் பிராது கொடுத்திருக்கிறாள். புத்திசாலி.

நீங்கள் என்னையும் முருகையனையும் ஒன்றாகக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் நேராகக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஆனால் முருகையனைத்தான் கேட்டீர்கள், நயினார் இதைச் செய்திருப்பாரா என்று. முருகையன் சிரித்துவிட்டார்.

"இவுரா? நல்ல மனுசன் சார், ஆனா இவுருக்கு அந்த என்ஜின் ஒண்ணுமே புரியல. மூணு நாளா கோட்டப் பாத்துக்கினே குந்திக்கினு இருந்தாரு. சரியான எடத்துல என்ஜின் நிக்கற மாதிரி கணக்கா வெக்கறதுக்கெல்லாம் இருதயராஜ் மாதிரி ஆளு வேணும். இவுரால ஆவாது சார்."

நீங்களும் சிரித்தீர்கள் சார். தப்பாகச் சொல்லவில்லை. நோட்டை மூடிவிட்டு, எறும்பைக்கூட மிதிக்காதவரை வீணாக அலைய வைத்துவிட்டோம் என்று சொல்லி, வாசல்வரை வந்து அனுப்பி வைத்தீர்கள்.

அதிலிருந்து பத்தொன்பது நாள் ஆகிறது. தூக்கம் இல்லை. அவன் செத்ததற்காகத் தூக்கம் போயிருந்தால் உங்களுக்கு என்னைப் பிடித்திருக்கும். டீக்கடையைத் தாண்டும்போதெல்லாம் முருகையனின் அந்தச் சிரிப்பு கேட்கிறது. செத்த பிறகும் அவன்தான் கெட்டிக்காரன், நான் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன். இப்படி ஒரு பொய் ஊரில் நடமாடுவதை விட்டுவைப்பதும் பொய் சொல்வதற்குச் சமம்தான் என்று தோன்றியது. விரதம் விரதம்தானே. அதனால்தான் வந்தேன்.

இந்தத் துணியில் மூன்று சாவிகள் இருக்கின்றன. கறுப்பாக இருப்பது அவன் ராவிய இரும்புச் சாவி. மற்ற இரண்டும் நான் செய்து ஒதுக்கிய அலுமினியம். என்னுடைய மூன்றாவது சாவி உங்கள் கேஸ் பொட்டலத்தில் இரண்டு துண்டாக இருக்கும், பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவனுடையதில் இடது மூலை கொஞ்சம் கோணல். குறை சொல்லவில்லை, நல்ல வேலைதான். சவுரியம்மாளிடம் அவள் புருஷன் கை மறக்கவில்லை என்று நீங்கள் சொல்லிவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கொலை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் சாவி போகும்போது தாங்கி வரும்போது அறுந்தது தற்செயல் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தடிமனை அப்படிப் பார்த்துத்தான் ராவினேன்.

கையெழுத்து போடுவதற்கு முன்னால் இன்னொரு வேண்டுகோள் இருக்கிறது சார். மரக்காணத்துக்கு ஆள் அனுப்பி முருகையனைக் கூட்டி வரச் சொல்லுங்கள். ரைட்டர் எழுதியதில் டைமிங் வைத்த அந்தப் பகுதியை மட்டும் அவர் எதிரில் ஒரு முறை உரக்கப் படிக்க வேண்டும். அவர் வந்து சேர ஏழு மணி ஆகும் என்றாலும் பரவாயில்லை, சாப்பாடு இருக்கட்டும், பொழுது போன பிறகு சாப்பிட்டுக்கொள்கிறேன்.